பருப்பு வேகாத தண்ணீரும் பாழாகும் ஹீட்டரும்

"உங்க கடைத் துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று பையோடு திரும்பி வந்து நிற்கும் வாடிக்கையாளரை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பார்க்காதவர் இருக்க முடியாது. வாதம் செய்யாமல் வேறு பருப்பை அளந்து கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதே மூட்டைப் பருப்பு, காவிரிக் குடிநீரில் சமைக்கும் இன்னொரு வீட்டில் நான்கு விசிலில் குழைந்துவிடுகிறது. பழைய சரக்கு வேகாது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் பல சமயம் குறை இருப்பது பருப்பில் அல்ல, போர் தண்ணீரில். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, பருப்பில் இயற்கையாக உள்ள பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும்.

பருப்பு என்றால் நஷ்டம் ஒரு கிலோவோடு போயிற்று. அதே தண்ணீர்தான் குளியலறை ஹீட்டருக்குள்ளும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளும், மோட்டாருக்குள்ளும், சுவருக்குள் ஓடும் இரும்புக் குழாய்க்குள்ளும் போகிறது. "போன வருஷம்தானே வாங்கினோம், அதற்குள் ராடு போய்விட்டதே" என்ற பேச்சு நம் ஊர்களில் புதிதல்ல. பழுது பார்க்க வருகிறவர் கம்பெனியைக் குறை சொல்வார்; கம்பெனிக்காரர் தண்ணீரைக் குறை சொல்வார்; பணம் மட்டும் நம் கையிலிருந்து போகும். ஒரு பொருள் பழுதானால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய ஊர் நம் ஊர்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது?

பாறைப் பூமியில் ஆழமாகத் துளை போட்டால் வரும் நீர் ஓரளவு கடினமாக இருப்பது இயற்கைதான். பாலாற்றுக் கரையில் அதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைக் கொட்டி வைப்பது வழக்கம். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலையே தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுப்பது. கழுவிய நீரோடு உப்பும் போகிறது. சாக்கடைக் கழிவைப் போல இதை நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரித்துவிட முடியாது. நீரில் கரைந்த உப்பை எடுக்க வேண்டுமானால் சவ்வின் வழியே அழுத்திப் பிரிக்க வேண்டும், அல்லது நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். இரண்டும் செலவு பிடிக்கும் வேலை. அந்த வசதிகள் வருவதற்கு முன்பு பல பத்தாண்டுகள் கழிவு ஆற்றிலும் ஏரியிலும் வயலிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வு கூறியதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு இந்த வழக்கு ஒரு முக்கிய காரணம். 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, இருபத்தெட்டு ஆண்டுகளில் காரியம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நாம் தோல் தொழிலுக்கு எதிரிகள் அல்ல. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தொழிற்சாலைச் சம்பள நாள் என்றால் நம் கடைகளில்தான் கூட்டம். இழப்பீட்டுக் கணக்கில் விவசாயியின் நிலம் ஏறியது, அது நியாயம். ஆனால் ஊருக்குள் வீடு வீடாக மாற்றப்படும் ஹீட்டர் ராடும், துருப்பிடித்த குழாயும், மறுபடி காயில் கட்டிய மோட்டாரும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதை நாமேதான் கட்டி வருகிறோம்.

தண்ணீரை முதலில் அளந்து பாருங்கள்

எந்தப் பெரிய பொருள் வாங்குவதானாலும், அது தண்ணீரோடு சம்பந்தப்பட்டதானால், முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்து ஒரு தாள் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தினால் பரிசோதித்துத் தருவார்கள். அந்தத் தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. கடினத்தன்மை 200, வேறு வழியில்லையென்றால் 600. குளோரைடு 250, அதுவும் வழியில்லாவிட்டால் 1,000. இவை குடிப்பதற்கான வரம்புகள். ஹீட்டருக்கு இதைவிடக் குறைந்த கடினத்தன்மையே தொல்லை தரும்.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைத்தான் கணக்கிடும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று சொல்லாது.

வீடு தேடி வந்து இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டும் விற்பனையாளரையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கும். அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பார்க்கிற வீட்டுப் பெண்கள் பயந்துபோய் அன்றே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் கலங்குவது அவருடைய இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பு எடுத்த நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. நல்ல கிணற்று நீரை வைத்தாலும் அந்த டம்ளர் அப்படித்தான் கலங்கும். வியாபாரத்தில் சாதுரியம் வேண்டியதுதான், ஆனால் இது சாதுரியமல்ல.

ஹீட்டருக்குள் நடப்பது

கடின நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, சூடு அதிகமுள்ள இடத்தில், அதாவது ராடின் மேல், வெள்ளையாகப் படிகிறது. படிவம் தடிக்கத் தடிக்க உள்ளே உள்ள சூடு தண்ணீருக்குப் போகாது. மின்சாரம் கூடுதலாக ஓடும். ராடு உள்ளுக்குள்ளேயே சூடேறி ஒருநாள் வெடிக்கும். குளோரைடு செய்வது வேறு வேலை. அது உலோகத்தை ஊசி முனைபோல் துளைக்கும். துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இதற்குத் தப்புவதில்லை.

ராடின் உறையில் அப்படி ஓர் ஓட்டை விழுந்தால் செலவு மட்டுமல்ல, ஆபத்தும் இருக்கிறது. மின்சாரம் தண்ணீரில் கசியும். எர்த் சரியில்லாத வீட்டில் குழாயைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்சை வீட்டுக்கு ஒன்று போட்டுக்கொள்வதில் கஞ்சத்தனம் கூடாது. ஹீட்டரில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் சுண்ணாம்பால் அடைபடும். அது அடைபட்ட ஹீட்டரை ஓட்டுவது அடுப்பில் வெயிட் அடைத்த குக்கரை வைப்பது போல.

வாங்கும்போது கடினநீருக்கென்று தயாரித்த, உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியைக் கேளுங்கள். பெரும்பாலான ஹீட்டர்களின் உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அந்தக் கம்பி அரிக்கப்பட்டுத் தீர்ந்துபோவதற்காகவே அதை வைக்கிறார்கள். தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டிக்குப் போகும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து மாற்ற வேண்டும். ஐந்து வருஷம் திறக்காமலே வைத்திருந்துவிட்டு ஓட்டை விழுந்ததும் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. சூட்டை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் படிவம் குறையும். ராடில் படிந்ததை நீக்க நம் கடைகளிலேயே விற்கும் எலுமிச்சை உப்பு போதும். மின் இணைப்பைக் கழற்றிய பிறகு, வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். காரமான கழிப்பறை ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்போடு ராடும் போய்விடும்.

தண்ணீரை மென்மையாக்கும் சாதனம் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடும். ஹீட்டருக்கு நல்லது. ஆனால் டி.டி.எஸ். எண் குறையாது, அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதை அவ்வப்போது கல் உப்பு போட்டுக் கழுவவும் வேண்டும், அந்த உப்பு மறுபடி நம் மண்ணுக்கே போகிறது. வீட்டு உபயோக ஆர்.ஓ. சாதனங்களில் பெரும்பாலும் 2,000 வரை என்று குறித்திருப்பார்கள். உங்கள் போர் அதைத் தாண்டினால் சவ்வு சீக்கிரம் போகும். காவிரி நீர் வரும் வீடுகளில் அதை ஒரு சிறு தனித் தொட்டியில் பிடித்து, சமையலுக்குப் போக மிஞ்சுவதை ஹீட்டருக்குத் திருப்புவதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி.

கேரண்டியும் பில்லும்

வாரண்டி அட்டையின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடினமான நீரில் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பல அட்டைகளில் சின்ன எழுத்தில் இருக்கும். சோதனைத் தாளைக் காட்டி, "இந்தத் தண்ணீருக்கு இது தாங்குமா?" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்.

கடைக்கு வாங்கும் பொருளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாலும் தயிரும் வைக்கும் பிரிஜ், ஐஸ்கிரீம் வைக்கும் பிரீசர் முதலியவற்றைக் கடைப் பெயரில் ஜி.எஸ்.டி. எண் போட்டு வாங்கினால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். 30,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,400 ரூபாய். ஆனால் பழுது வந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு முதலில் அந்த பில்லைத்தான் நீட்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விலக்கு இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவர் மட்டும் நுகர்வோரே. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை விளக்கியது. சொந்தமாக ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றது. ஆனால் அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். பெரிய அளவில் லாபத்துக்காக வாங்கிய இயந்திரம் என்று முடிவாயிற்று. ஆகவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து நடத்தும் மளிகைக் கடைக்கு வழி உண்டு; பத்து ஆள் வைத்த மொத்த வியாபாரிக்குக் கடினம்.

காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டுபவருக்கு உள்ளீட்டு வரவே கிடையாது. அவர் கடைப் பெயரில் பில் போட்டு அடையும் லாபம் சொற்பம். வீட்டுப் பிரிஜைக் கடைக் கணக்கில் காட்டி வரவு எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார்கள், ஜி.எஸ்.டி. அதிகாரியிடம் கடைப் பொருள், ஆணையத்தில் வீட்டுப் பொருள் என்று சொல்ல முடியாது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் விற்பதும் அப்படியே.

ஆணையத்துக்குப் போக வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. பொருள் வாங்கியது சென்னையிலானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பாருங்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். மூன்று மாதத்தில், சோதனைக்கூடத்துக்குப் பொருளை அனுப்பினால் ஐந்து மாதத்தில், தீர்க்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ளது. நடப்பில் அதற்கு மேலும் ஆகும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். இப்போது கடைகளில் தரும் வழுவழுப்பான பில்லின் எழுத்து அதற்குள் வெளுத்துப் போய்விடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தண்ணீர் சோதனைத் தாளையும் வாரண்டி அட்டையையும் அதோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.