செய்ததைச் செய்து பார்ப்போர்

ரசாயன ஆராய்ச்சியைப் பற்றி நாம் படிக்கும் செய்திகள் பெரும்பாலும் ஒன்றை முதன்முதலாகக் கண்டவரைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவருடைய படமும் அவர் பெற்ற பரிசும் பத்திரிகைகளில் இடம் பெறுகின்றன. அந்தக் கீர்த்தி அவருக்கு உரியதே. ஆயினும் அவர் கண்டதை வேறோர் ஊரில், வேறொரு மேசையின்மீது, அவரை நேரில் அறியாத ஒருவர் செய்து பார்த்து, ‘ஆம், இது நடக்கிறது’ என்று சொல்லும் வரையில் அது சாஸ்திரத்தின் சொத்தாகிவிடுவதில்லை. அப்படிச் செய்து பார்ப்பவர்களைப் பற்றி எழுதுவோர் அரியர். ரசாயனிகளின் சமூக வாழ்வில் மிக உயர்ந்த பகுதி இதுவே என்பது என் அபிப்பிராயமாதலால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டபோது, நுண்ணிய ரசாயனப் பொருள்களுக்கெல்லாம் ஜெர்மனியையே நம்பியிருந்த அமெரிக்கச் சர்வகலாசாலைகள் திடீரென்று வெறுங்கையோடு நின்றன. பிரிட்டனின் கப்பற்படை கடல்வழியை அடைத்துவிட்டது. கையிருப்போ மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தது. அந்த நெருக்கடியில், இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த அர்பானாப் பரிசோதனைச் சாலையில், கோடை விடுமுறையில் மாணவர்களைக் கொண்டே அப்பொருள்களைத் தயாரித்து மற்ற சாலைகளுக்கு விற்பது என்ற ஏற்பாடு பிறந்தது. 1916-ல் அங்கு வந்து சேர்ந்த ராஜர் ஆடம்ஸ் என்ற இளம் ஆசிரியர் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வளர்த்தார். பிற்காலத்தில் பாலிமர் ரசாயனத்தில் பெரும்புகழ் எய்திய கார்ல் மார்வெலும் அந்தக் கோடைகளில் அங்கே குடுவை கழுவிக் காய்ச்சி வடித்த மாணவர்களில் ஒருவர்.

அங்கே அவர்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். நூல்களிலும் சஞ்சிகைகளிலும் அச்சாகியிருந்த செய்முறைகளில் பல, அச்சில் இருந்தபடி செய்தால் நடக்கவில்லை. எழுதியவர் பொய் சொன்னார் என்பதல்ல. குடுவை எத்தனை பெரியது, துளித்துளியாக ஊற்ற எத்தனை நிமிஷம் பிடித்தது, கலவையைக் கலக்கிய வேகம் என்ன என்பனவெல்லாம் தமக்குப் பழக்கமாகிவிட்டபடியால் எழுதத் தேவையற்றவை என்று அவர் விட்டுவிட்டார். விட்ட இடத்தில்தான் பக்குவம் இருந்தது. ஆகவே மாணவர்கள் தாங்கள் செய்து வெற்றி கண்ட முறைகளை நுணுக்கம் விடாமல் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். அக்குறிப்புகளின் வழியிலேயே 1921-ல் ‘ஆர்கானிக் சிந்தஸீஸ்’ என்ற ஆண்டுத் தொகுதி ஆடம்ஸின் ஆசிரியத்துவத்தில் வெளிவரலாயிற்று.

நூறாண்டைக் கடந்து இன்றும் நடந்துவரும் அந்தப் பிரசுரத்துக்கு ஒரு தனி விதி உண்டு. எவ்வளவு பெரிய மேதை எழுதி அனுப்பினாலும், ஆசிரியர் குழுவினர் ஒருவருடைய பரிசோதனைச் சாலையில் அந்த முறையை மறுபடி செய்து, சொன்ன அளவில் சொன்ன பொருள் கிடைத்தாலொழிய அது அச்சேறாது. கரைசலின் உள்வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேற்படாமல் அரைமணி நேரம் துளி விடவேண்டுமென்று எழுதியிருந்தால், பனிக்கட்டித் தொட்டியில் குடுவையை இறக்கி, வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காமல் யாரோ ஒரு மாணவர் அந்த அரைமணி நேரம் நிற்கத்தான் வேண்டும். மஞ்சள் நிறம் மங்கிப் படிகம் இறங்கும் என்றால் அது இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்காவிட்டால் அனுப்பியவருக்குக் கடிதம் போகும். அவர் விளக்கம் எழுதுவார். மறுபடியும் செய்து பார்ப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் பத்தில் ஒன்றையொட்டிய பங்கு தேறாமலே போனதுண்டு. தேறி வந்தவற்றின் தலைப்பிலோ, கண்டவர் பெயரோடு செய்து பார்த்தவர் பெயரும் அச்சிடப்படுகிறது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தப் பிரசுரத்தை வணங்கத் தோன்றுகிறது.

இந்தச் சிரத்தை எவ்வளவு அவசியமானது என்பதைச் இந்த நூற்றாண்டின் ஒரு வரலாறு காட்டும். கரிம மூலக்கூறுகளின் இரு துண்டுகளை இணைப்பதற்கு ஜப்பானிய ரசாயனி அகிரா சுஸுகி 1979-ல் வெளியிட்ட முறை, 2010-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு தேடித்தந்தது. லோசார்ட்டான் முதலிய ரத்த அழுத்த மருந்துகளின் தயாரிப்பிலும் அது பயன்பட்டது. அதற்குக் கிரியா ஊக்கியாக இருப்பது பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம். 2003-ல் நிக்கோலஸ் லெட்பீட்டர் என்ற ஆராய்ச்சியாளர், பல்லேடியமே இல்லாமல், நீரில், மைக்ரோவேவ் வெப்பத்தில் அந்த இணைப்பு நடக்கிறதென்று வெளியிட்டார். உலகம் வியந்தது, விலை குறையும், மருந்தில் உலோகம் கலக்கும் அச்சமும் நீங்கும் அல்லவா? ஆனால் லெட்பீட்டர் அதோடு நிற்கவில்லை. தம்முடைய கலவையில் சேர்ந்த ஒவ்வொரு பொருளையும் மறுபடி சோதித்தார். 2005-ல் அவரும் தோழர்களும் வெளியிட்ட முடிவு இது: கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டிலேயே, நூறு கோடியில் ஐம்பது பங்கு அளவுக்குப் பல்லேடியம் இருந்தது, காரியத்தைச் செய்தது அதுதான். ஒரு டன் சலவைச் சோடாவில் ஐம்பது மில்லிகிராம்! தம்மைப் புகழேற்றிய முடிவைத் தாமே திருத்தி, அதையும் பெயரிட்டு வெளியிட்ட அந்த மனோதிடத்தை, புதிதாக ஒன்றைக் காணும் ஆற்றலுக்கு ஒரு படியும் தாழ்ந்ததாக நான் மதிக்கமாட்டேன்.

2009-ல் இதே போன்ற இன்னொன்று நடந்தது. ஆகன் நகரத்துக் கார்ஸ்டன் போல்ம், மலிவான இரும்புக் குளோரைடு சில இணைப்புகளுக்குப் போதுமென்று முன்னர் வெளியிட்டிருந்தார். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஸ்டீபன் புக்வால்டு அதே துறையில் வல்லவர். இருவரும் போட்டியாளராக நின்று வாதாடியிருக்கலாம். மாறாக இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதி, பல இடங்களில் வாங்கிய இரும்பு ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்றும், பத்து லட்சத்தில் சில பங்கு செம்பு கலந்திருப்பதே விளைவுக்குக் காரணமாகலாம் என்றும் எடுத்துக் காட்டினார்கள்.

சந்தேகிக்க வேண்டியது புட்டியில் உள்ள பொருளை மட்டுமன்று. எந்தப் பரிசோதனைச் சாலையிலும் குடுவைக்குள் சுழலும் வெள்ளை நிறக் காந்தத் துண்டைப் பார்க்கலாம். டெஃப்லான் பூசிய அதில் எதுவும் ஒட்டாது என்பது நம்பிக்கை. மாஸ்கோவில் வாலன்டின் அனானிகோவின் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பழகிப்போன துண்டுகளின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது கீறல்களும் குழிகளும் தென்பட்டன. அவற்றுள் முந்திய சோதனைகளின் உலோகத் துகள்கள் தங்கியிருந்தன. சென்ற வாரம் ஒரு மாணவர் செய்த வேலை, கழுவிய பிறகும், இன்று இன்னொருவருடைய முடிவை மாற்றிவிடக்கூடும். பொருள் தயாரான வழியையும் சந்தேகிக்க வேண்டும்: 2021-ல் அமீன் என்ற வகைக் கரிமப் பொருள் ஒன்றே சுஸுகி இணைப்பை நடத்துகிறதென்று உயர்ந்த சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரை, பிரிஸ்டல், புடாபெஸ்ட் முதலிய இடங்களில் செய்து பார்க்கப்பட்டு, அந்த அமீனைத் தயாரித்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பல்லேடியம்தான் காரணமென்று தெரிந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

இப்போது இயந்திரங்களும் பொருள்களைச் செய்யும் வேலைக்கு வந்திருக்கின்றன. 2023-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி பரிசோதனைச் சாலையில், மனிதக் கை படாமல் பொடிகளைக் கலந்து, உலையிலிட்டு, எக்ஸ்-கதிரால் அளந்து, அடுத்த சோதனையையும் தானே தீர்மானிக்கும் ஓர் அமைப்பு, 17 நாட்களில் 58 இலக்குகளில் 41 சேர்மங்களைச் செய்து முடித்ததாக அறிவிக்கப்பட்டது. லண்டனில் ராபர்ட் பால்கிரேவும் பிரின்ஸ்டனில் லெஸ்லி ஷூப்பும் தோழர்களுடன் அந்த எக்ஸ்-கதிர்ப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, அவற்றில் புதிய பொருள் எதுவுமில்லை என்றும், அணுக்கள் தத்தம் இடத்தில் ஒழுங்காக நிற்பதாக இயந்திரம் கருதியவற்றுள் பல, அணுக்கள் இடம் கலந்து நிற்கும் பழைய சேர்மங்களே என்றும் வாதித்தார்கள். அந்த அமைப்பின் வேகம் மெய்யானது. அதன் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேகமாகச் செய்யப்பட்டதை நிதானமாகப் படிக்க ஆள் வேண்டியிருக்கிறது என்பதே என் கவலை. அப்படிப் படிப்பவருக்குப் பதவி உயர்வும் மானியமும் கிடைப்பது இன்றும் அரிதாக இருப்பது நியாயமன்று.

‘ஆர்கானிக் சிந்தஸீஸ்’ இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது. அண்மைக் காலத்துச் செய்முறைகளில், எந்த மூலப்பொருள் யாரிடம் வாங்கப்பட்டது, எந்தத் தூய்மையில் வாங்கப்பட்டது என்ற குறிப்புகளோடு, குடுவையும் குளிர்விப்பானும் பூட்டப்பட்டிருந்த நிலையைக் காட்டும் புகைப்படங்களும் சேர்க்கப்படுகின்றன.