வங்கிக்கு ஒரு கணக்கு, வரித் துறைக்கு ஒரு கணக்கு

கடன் கேட்டு வங்கிக்குப் போகும் வியாபாரி தன் வருமானத்தைக் கூட்டிச் சொல்ல விரும்புவார். அதே ஆண்டு வருமான வரி ரிட்டர்ன் போடும்போது அதைக் குறைத்துக் காட்ட விரும்புவார். வரி ஏய்ப்பின் மிகப் பழைய வழிகளில் ஒன்று இது. இரண்டு தாளிலும் கையெழுத்து அவருடையதுதான். ஆனால் ஒன்று வங்கி மேலாளரின் அலமாரியிலும் மற்றொன்று வருமான வரி அலுவலகத்தின் கோப்பிலும் கிடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாத வரைக்கும் ஏய்ப்பு வெளியே தெரியவில்லை. கடன் கொடுப்பவரும் வரி வாங்குபவரும் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அந்த இடைவெளியை மூடுவதற்காக வந்ததே.

வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது வங்கித் தொழிலின் அடிப்படை நெறி. சட்டம் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது அதற்குள்ள விலக்கு. இந்தியாவில் அந்த விலக்கை அகலப்படுத்தியது 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 285பிஏ பிரிவு. 2004-05 நிதியாண்டு முதல் பெரிய பரிவர்த்தனைகளின் ஆண்டுப் பட்டியலை வங்கிகள் வருமான வரித் துறைக்கு அனுப்பத் தொடங்கின. 2016 ஏப்ரல் 1 முதல் அந்தப் பட்டியல் விரிவாக்கப்பட்டு, நிதிப் பரிவர்த்தனை அறிக்கை என்ற பெயர் பெற்றது.

அதற்காக வகுத்த 114இ விதியில் வரம்புகள் தெளிவாகவே இருந்தன. ஒருவர் ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் கட்டிய ரொக்கம் மொத்தம் 10 லட்சம் ரூபாயைத் தொட்டால் வங்கி அதைத் தெரிவிக்க வேண்டும். நடப்புக் கணக்கு என்றால் போட்ட ரொக்கத்துக்கும் எடுத்த ரொக்கத்துக்கும் 50 லட்சம் வரம்பு. வைப்பு நிதிக்கு 10 லட்சம். கிரெடிட் கார்டு பாக்கியை ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சம், மற்ற வழிகளில் கட்டினால் 10 லட்சம். 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள மனை, வீட்டுப் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகம் தெரிவிக்கும். ஆண்டு முடிந்து மே 31-க்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கிக்கே அபராதம். இத்தனை தகவலையும் ஒரே ஆளின் பெயரில் கோக்கும் நூல் பான் எண். ஒரு வங்கியில் ரொக்கம், வேறொரு வங்கியில் வைப்பு நிதி, சொந்த ஊரில் மனை என்று பிரித்து வைத்தாலும் பான் எண்ணின் கீழ் எல்லாம் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் முழு வலிமையும் மக்களுக்குத் தெரிந்தது பணமதிப்பிழப்பின்போதுதான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, டிசம்பர் 30 வரை கட்டிய ரொக்கத்துக்குத் தனி வரம்பு வந்தது. சேமிப்புக் கணக்கில் இரண்டரை லட்சம், நடப்புக் கணக்கில் பன்னிரண்டரை லட்சம். 2017 ஜனவரி 31 அன்று ‘ஆபரேஷன் கிளீன் மணி’ தொடங்கியது. பழைய ரிட்டர்னில் கண்ட வருமானத்துக்கும் கட்டிய ரொக்கத்துக்கும் பொருந்தாத ஏறத்தாழ 18 லட்சம் பேரிடம் முதல் கட்டத்தில் இணையம் வழியே விளக்கம் கேட்கப்பட்டது. பணம் வந்த வழியைச் சொல்ல முடியாதவர்களுக்கு, அப்போது திருத்திய சட்டப்படி 60 சதவீத வரி. சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்தால் முக்கால் பங்குக்கும் மேலே போய்விடும்.

ரொக்கத்தை விடவும் நுட்பமானது கடன் கோப்பு. சரக்கை ஈடாகக் காட்டி சி.சி. (கேஷ் கிரெடிட்) லிமிட் வாங்கும் ஆலையோ கடையோ மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். கையிருப்பு எவ்வளவு காட்டப்படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் எடுக்கக்கூடிய பணம் அமையும். ஆகவே இல்லாத மூட்டைகளையும் இருப்பதாக எழுதுவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. வருமான வரி அதிகாரி 133(6) பிரிவின் கீழ் வங்கிக்குக் கடிதம் எழுதினால் அந்த ஸ்டேட்மெண்ட் அவர் மேசைக்கு வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் உள்ள சரக்கு குறைவு, வங்கியிடம் சொன்னது அதிகம் என்றால், கூடுதல் சரக்கைக் கணக்கில் காட்டாத பணத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்ற வாதம் எழும்.

இந்தச் சிக்கலில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் நிறுவனத்தின் வழக்கில், 1974-ல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரித் துறையின் பக்கம் நின்றது. கடனுக்காகக் கூட்டிச் சொல்வது வழக்கம்தான் என்ற சமாதானம் எடுபடவில்லை. பின்னாளில் அதே நீதிமன்றத்தில் வந்த சில தீர்ப்புகள் வேறு நிலை எடுத்தன. வங்கிக்குக் கொடுத்த தாள் ஒன்றை மட்டும் வைத்து வருமானத்தைக் கூட்டிவிட முடியாது, உண்மையிலேயே சரக்கு இருந்ததற்குத் துறை ஆதாரம் காட்ட வேண்டும் என்றன. நியாயம் இந்தப் பிந்தைய நிலையில்தான் இருக்கிறது. ஆனால் வரித் துறையிடம் தப்பிக்க வங்கியிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளும் வியாபாரி, அந்த வார்த்தையாலேயே வங்கியிடம் குற்றவாளி ஆகிறார். இரண்டு கணக்கு வைத்தவருக்கு இரண்டு பக்கமும் தப்ப வழியில்லை.

தகவல் எதிர்த் திசையிலும் பாய்கிறது. வரித் துறை தன்னிடமுள்ள விவரத்தை மற்றவர்களுக்குத் தர வகை செய்வது 138-வது பிரிவு. 2020-ல் ஷெட்யூல்டு வணிக வங்கிகள் அந்த வட்டத்துக்குள் வந்தன. வாடிக்கையாளரின் பான் எண்ணைக் கொடுத்து, அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறாரா என்று வங்கி பார்த்துக்கொள்ளும் வசதியும் அந்த ஆண்டே வந்தது. பிரிட்டனில் இதற்கு முன்பே, 2011-ல், வீட்டுக் கடன் சரிபார்ப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. விண்ணப்பத்தில் எழுதிய வருமானத்தின் மேல் சந்தேகம் வந்தால் கடன் நிறுவனம் அதை வரித் துறைக்கு அனுப்பும். துறை தன் பதிவோடு ஒப்பிட்டுச் சொல்லும். வேறு வகையான பகிர்வும் உண்டு. 2021 செப்டம்பரில் இந்திய வங்கிகள் இணைந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில், வாடிக்கையாளர் சம்மதம் கொடுத்தால்தான் அவருடைய விவரம் கடன் கொடுப்பவருக்குப் போகும். 285பிஏ அறிக்கைக்குச் சம்மதம் தேவையில்லை. இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு கணக்குதாரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வலை எவ்வளவு பெரியதானாலும் அதற்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். கந்துவட்டிக்குக் கொடுப்பவர் எந்தத் துறைக்கும் அறிக்கை அனுப்புவதில்லை. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடன் வாங்குவதை 269எஸ்எஸ் பிரிவு தடுக்கிறது. மீறினால் அந்தத் தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் கடன் வாங்கியவருக்கு. வங்கிக்கு வந்து முறைப்படி நடக்கும் எளியவர் துறையின் கண்ணில் படுகிறார், நோட்டுக் கட்டிலேயே புரளும் பெரும்பணம் படுவதில்லை. இது இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை.

இன்னொரு குறை, கணக்கில் விழுந்த பணமெல்லாம் வருமானம் இல்லை என்பது இயந்திரத்துக்குத் தெரியாதது. மஞ்சள் விற்ற பணத்தை வங்கியில் கட்டும் ஈரோட்டு விவசாயிக்கு அது வேளாண் வருமானம், வருமான வரி கிடையாது. ஏலச்சீட்டு நடத்தும் பெண்ணின் கணக்கில் இருபது பேர் பணம் வந்து போகும். அவருக்குச் சொந்தம் அதில் ஒரு சிறு பகுதி. கூட்டுக் கணக்கில் போட்ட முழுத் தொகையும் அதில் பெயருள்ள ஒவ்வொருவர் பேரிலும் பதிவாகலாம். அறிக்கையில் வரும் எண் விசாரணையின் தொடக்கம்தான், தீர்ப்பு ஆகாது. இதை மறந்து செயல்படும் அதிகாரி நேர்மையானவரைத்தான் வதைப்பார்.

அதனால்தான் 2021 நவம்பரில் வந்த ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை முக்கியமானது. வங்கியும் பதிவாளரும் பங்குச் சந்தையும் ஒருவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை அவரே பார்க்கலாம். தவறு இருந்தால் ‘இது என்னுடையது இல்லை’, ‘இரண்டு முறை பதிவாகியுள்ளது’, ‘இது வரிக்கு உட்பட்டது இல்லை’ என்று அங்கேயே பதில் பதியலாம். ஓய்வுபெற்றவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவதும் இங்கேதான். வைப்பு நிதி வட்டிக்கு வங்கி டி.டி.எஸ். பிடித்ததும் வரி முடிந்தது என்று நினைத்து, அந்த வட்டியை ரிட்டர்னில் விட்டுவிடுகிறார்கள். ஏ.ஐ.எஸ்.-ல் வட்டி இருக்கும், ரிட்டர்னில் இருக்காது, பிறகு நோட்டீஸ் வரும்.

1961 சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. பிரிவு எண்கள் மாறினாலும் வங்கி அறிக்கை அனுப்பும் கடமை மாறவில்லை. ஆகவே ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போகும் முன், வருமான வரித் தளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து ஏ.ஐ.எஸ்.-ஐ ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.