பெட்டி கட்டும்போதே தொடங்கும் உரிமை

ஐ.என்.எஸ். விக்ராந்த் 262 மீட்டர் நீளக் கப்பல். அதை 1/350 அளவில் செய்தால் 75 சென்டிமீட்டர் வரும். மாதக்கணக்கில் உட்கார்ந்து, தலைமுடி கனத்தில் ஆண்டெனா ஒட்டி, ஓடுதளக் கோடு ஒன்றுகூட விடாமல் வரைந்து முடித்த மாடலைக் கண்காட்சிக்கு அனுப்புகிறீர்கள். அங்கே பெட்டியைத் திறந்தால் கொடிமரம் முறிந்து கிடக்கிறது. “பேக்கிங் சரியில்லை சார்” என்கிறார் கொண்டுவந்தவர். “மதிப்பு எழுதலையே” என்கிறார் பில் போட்டவர். இந்த இரண்டு பேச்சுக்கும் பதிலைப் பெட்டி கட்டும் அன்றே தயார் செய்துவிட வேண்டும். உடைந்த பிறகு தேடினால் கிடைக்காது.

மாடலைத் தொடாத பெட்டி

பலரும் செய்யும் முதல் தவறு, மாடலையே பபிள் ரேப்பில் சுற்றுவது. நுண்ணிய பாகங்கள் அதில் மாட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பிய்ந்து வரும். வெயில் பட்டால் குமிழ்களின் தடம் பெயிண்டில் பதியும். பிடிமானத்தை அடிப்பலகைக்குக் கொடுங்கள். மாடலை எதுவும் தொட வேண்டாம். அடிப்பலகையைக் கீழிருந்து திருகாணி போட்டு ஒரு பிளைவுட் தட்டில் முடுக்கி, தட்டோடு பெட்டிக்குள் இறக்குங்கள். அடிப்பலகை இல்லாத விமானமா? இறக்கை உடலோடு சேரும் வலுவான இடத்தைத் தாங்கும்படி ஃபோமை வெட்டி உட்கார வையுங்கள். சக்கரக் கால்களில் எடை இறங்கக் கூடாது.

இந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நாலா பக்கமும் மேலும் கீழும் ஐந்து சென்டிமீட்டராவது ஃபோம் கொடுத்தால் வேகத்தடையின் குலுக்கல் உள்ளே போகாது. சூப்பர் குளூ இழுப்பைத் தாங்கும், திடீர் அடியைத் தாங்காது. கனமான பாகங்களுக்குள் மெல்லிய கம்பி செருகி ஒட்டுவது நல்லது. காரில் சாய்வான இருக்கையைவிடச் சமமான தரையே பாதுகாப்பு. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மெல்லிய பிளாஸ்டிக்கும் ரெசினும் வளைந்துபோகும் அளவுக்குச் சூடேறும். சாப்பிட இறங்கும்போதும் நிழல் பார்த்து நிறுத்துங்கள்.

ரயிலில்

ஸ்லீப்பர் பெட்டியில் கையோடு கொண்டுபோக 100 x 60 x 25 செ.மீ. வரையிலான பெட்டிக்கு அனுமதி உண்டு. ஏ.சி. மூன்றடுக்கில் அந்த அளவு 55 x 45 x 22.5 செ.மீ. தான். நீளத்தை மட்டும் பார்த்தால் நம் 75 செ.மீ. கப்பல் ஸ்லீப்பரில் போகும், ஏ.சி.யில் போகாது. டிக்கெட் எடுக்கும் முன் டேப் எடுத்து அளந்துகொள்ளுங்கள்.

கையோடு வைத்திருக்கும் பெட்டி சேதமானால், ரயில்வே ஊழியரின் அலட்சியத்தை நிரூபித்தால்தான் இழப்பீடு. லக்கேஜாகப் பதிவு செய்து ரசீது வாங்கினால் ரயில்வேக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் மதிப்பை அறிவிக்காவிட்டால் அந்தப் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாயோடு நின்றுவிடும். மூன்று கிலோ பெட்டி என்றால், ஆறு மாத உழைப்பின் விலை 300 ரூபாய்! மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்துங்கள். சேதமானால் ஆறு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகக் கோர வேண்டும்.

விமானத்தில்

உள்நாட்டுப் பயணத்தில் லக்கேஜ் தொலைந்தாலோ சேதமானாலோ ஒரு பயணிக்கு 20,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பொருளின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை. ‘உடையக்கூடியது, பொறுப்பில்லை’ என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்டால் வாசித்துவிட்டுப் போடுங்கள். சேதத்தைக் கண்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுண்டரில் பதிவு செய்து நகல் வாங்குங்கள். எழுத்துபூர்வப் புகாருக்கு ஏழு நாள்தான் கெடு.

ரிப்பேர் பெட்டியிலும் ஒரு கண் வேண்டும். தின்னர், ஸ்பிரே பெயிண்ட், ஏர்பிரஷ் கேஸ் கேன் ஆகியவை விமானத்தில் ஏறக் கூடாது. கைக்கத்தி கேபினுக்குள் கூடாது. உதிரி லித்தியம் பேட்டரி கேபினில் மட்டும்தான் வரலாம். தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கூரியர், லாரி பார்சல்

ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தில்தான் வில்லங்கம் இருக்கும். இழப்பீட்டுக்கு வரம்பு வைத்த கூரியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரை அந்த வரம்பு கட்டுப்படுத்தும் என்று பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே மதிப்பை அறிவித்து, காப்பீடு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லாரி பார்சலில் சேதமானால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பாமல் வழக்குப் போட முடியாது.

கையால் செய்த பொருளுக்கு விலைச்சீட்டு கிடையாது. கிட், பெயிண்ட் பில்கள், செய்யும்போது எடுத்த படங்கள், இதுபோன்ற மாடல் விற்ற விலை ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் நீங்கள் சொல்லும் மதிப்புக்கு ஆதாரம் கிடைக்கும்.

உடைந்துவிட்டால்

பெட்டி நசுங்கியிருந்தால் டெலிவரி தாளில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஃபோமையும் அட்டையையும் தூக்கி எறியாதீர்கள்; நன்றாகக் கட்டியதற்கு அவையே சாட்சி. நிறுவனம் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை.

கண்காட்சி நுழைவுப் படிவத்தில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாடலை யார் தூக்கி வைப்பார்கள், இரவில் அரங்கை யார் பூட்டுவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணம் இன்னும் ஆபத்தானது. மாலையில் அரங்கைக் காலி செய்யும் அவசரத்தில், காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டிய கையே கிடைத்ததைத் திணிக்கும். புறப்படும்போது எடுத்த பேக்கிங் படத்தைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எந்தத் திருகாணி எங்கே, எந்த ஃபோம் எதற்கடியில் என்று அதைப் பார்த்துக் கட்டினால், கப்பல் கொடிமரத்தோடு வீடு வந்து சேரும்.