கண்ணுக்கெட்டாத உயிர்கள் – 9: வளர்ந்த பிறகுதான் அரும்பு

பொகவந்தலாவை டவுனில் விடியற்காலை பாண் வாங்கப் போகிறவர்களுக்குப் போறணையின் சூடு தெரியும். அதற்கு முந்திய இரவு தெரியாது. பிசைந்த மாவைத் தொட்டியில் போட்டுச் சாக்கால் மூடி வைக்கிறார்கள். பனி இறங்குகிற ஜனவரியில் அதன்மேல் இன்னொரு சாக்கும் விழும். இல்லாவிட்டால் மா எழும்பாது.

மா எழும்புவது, மதுவம் சீனியைத் தின்று வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவால். அதைப் போன கிழமை பார்த்தோம். பேக்கரியில் 'ஈஸ்ட்' என்கிற அந்த மதுவக் கலம் எப்போது பிரிகிறது என்பதுதான் இந்தக் கிழமைக் கேள்வி.

இருநூறு கலங்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீற்றர் வரும், அவ்வளவு சிறியது. பக்கத்தில் ஓர் அரும்பு விட்டு, அது பெருத்ததும் பிரித்து விடுகிறது. நல்ல தீனியும் 30 பாகை செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். நேரம் வந்ததும் கலம் அரும்புகிறதா, உடம்பு போதிய அளவு வளர்ந்ததும் அரும்புகிறதா? நேரக் கணக்குதான் என்றால், தீனி குறைந்து வளர்ச்சி மந்தமான காலத்திலும் பிரிவு நிற்காது. தலைமுறைக்குத் தலைமுறை கலம் சிறுத்துக்கொண்டே போய்விடும்.

கொழுந்து எடுக்கிற அக்காமாரிடம் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். மழையில்லாத மாசியில் முறைநாள் பார்த்து மலை ஏறினாலும் கூடை நிறையாது. செடி வளர்ந்திருந்தால்தான் கொழுந்து.

ஜோன்ஸ்டன், பிரிங்கில், ஹார்ட்வெல் ஆகிய மூவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு மதுவத்தில் இதையே காட்டியது. பட்டினி போட்டுச் சிறுக்க வைத்த கலங்களுக்கு மறுபடி தீனி கொடுத்தார்கள். அவை உடனே அரும்பவில்லை. முதலில் வளர்ந்தன, ஓர் அளவை எட்டிய பிறகே அரும்பின. பிரிவு தடைப்பட்ட விகாரக் கலங்களோ வளர்ச்சியை நிறுத்தவில்லை, பிரியாமலே பெருத்துக்கொண்டு போயின. வளர்ச்சி பிரிவுக்காகக் காத்திருப்பதில்லை, பிரிவுதான் வளர்ச்சிக்காகக் காத்திருக்கிறது. என் கணிப்பில் கல உயிரியலின் மிக அழகான பரிசோதனைகளில் இது ஒன்று.

கலம் எட்ட வேண்டிய அந்த அளவும் கல்லில் வெட்டியதல்ல. தீனி செழிப்பாக இருந்தால் கலம் பெருத்தே அரும்பும். வறுமையில் சிறிய உடம்போடே அரும்பிவிடும். தாயை விட்டுப் பிரியும் மகள் கலம் சிறியது என்பதால், தன் முதல் அரும்புக்குத் தாயைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

இந்தக் கதையின் மறுபாதி ஸ்கொட்லாந்தில் நடந்தது. எடின்பரோவில் போல் நர்ஸ் வேறொரு மதுவத்தை வளர்த்தார். ஆபிரிக்கத் தினை பியரிலிருந்து பிரித்தெடுத்த இனம் அது. அரும்பாது, நடுவில் இரண்டாக வெட்டிக்கொள்ளும். அதில் வழமையான அளவில் ஏறக்குறைய பாதியை எட்டியதுமே பிரிந்துவிடும் விகாரக் கலங்களைக் கண்டார். 1975இல் அது வெளியானது. அவசரப்படாதே என்று கலத்தைப் பிடித்து வைக்கும் பரம்பரையலகு அவற்றில் பழுதாகியிருந்தது. அதற்கு 'வீ' என்று பெயர் வைத்தார். ஸ்கொட்லாந்துப் பேச்சில் 'வீ' என்றால் 'சின்ன'. நம் கேர்க்கஸ்வோல்ட் தோட்டமும் ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றின் பெயரைத்தான் சுமக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பரம்பரையலகின் பெயர் அந்நியமாகப் படவில்லை.

ஹார்ட்வெல், நர்ஸ் இருவரும் டிம் ஹன்ட்டோடு 2001இல் நோபல் பரிசு பெற்றார்கள். 'வீ' மனிதக் கலத்திலும் இருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகளைப் புற்றுநோய்க்குப் பரிசோதித்து வருகிறார்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இளஞ்சூட்டுச் சீனித்தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு இரண்டு மணி நேரம் வையுங்கள். ஒரு துளியைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் நானூறு மடங்கில் பாருங்கள். அரும்பு விட்ட கலங்கள் எத்தனை, விடாதவை எத்தனை, அவற்றில் சிறியவை எவை என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். அடுத்த கிழமை உங்கள் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.