கொடைக்கானல் மலைப்பாதை: வண்டியை எங்கே நிறுத்தலாம்? எங்கே நிறுத்தவே கூடாது?

கொடைக்கானல் டிரிப் என்றாலே ஏரி, தூண் பாறை, குணா குகை என்றுதான் பிளான் போடுவார்கள். ஆனால் ஊருக்குள் நுழையும் முன்பே, வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறும் சுமார் 55 கிலோமீட்டர் பாதையிலேயே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், 'வியூ நல்லா இருக்கே' என்று பலர் வளைவிலேயே காரை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கிறார்கள். மலைப்பாதையில் ஆபத்தே அங்கேதான்.

எந்த இடத்தில் நிறுத்தலாம், அங்கே என்ன பார்க்கலாம்? வரிசையாகப் பார்ப்போம்.

ஏறும் முன்: காமக்காபட்டி

வத்தலகுண்டு - பெரியகுளம் சாலையில் காட்ரோடு பிரிவில் திரும்பினால் காமக்காபட்டி செக்போஸ்ட் வரும். மலை ஏற்றம் இங்கிருந்துதான் தொடக்கம். பிரேக், டயர், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் கீழேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருந்து 2,100 மீட்டருக்கு வண்டி ஏறப்போகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதாவது கீழே 35 டிகிரி என்றால் மேலே 24, 25 டிகிரிதான். ஸ்வெட்டரை டிக்கியில் அடியில் போட்டுவிடாமல் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

டம்டம் பாறை: தமிழகத்தின் உயரமான அருவி

பாதையின் முதல் பெரிய வியூ பாயிண்ட் இது. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம், பாறைச் சுவரில் மெல்லிய வெள்ளைக் கோடு போல ஒரு அருவி தெரியும். அதுதான் தலையாறு அருவி. நீளமாக, ஒல்லியாக விழுவதால் எலிவால் அருவி என்றும் பெயர். உயரம் 297 மீட்டர். தஞ்சை பெரிய கோயில் விமானத்தைப் போல நான்கரை மடங்கு!

கீழே பார்த்தால் மஞ்சளாறு அணை தெரியும். அந்த ஆறு மேலும் ஓடி வைகையில் சேர்கிறது. கோடையில் அருவி நூலாக இளைத்துவிடும். மழைக்குப் பிறகு போனால்தான் முழு அழகு. பக்கத்தில் போய்க் குளிக்கும் அருவி அல்ல இது, தூரத்தில் இருந்து மட்டும் பார்ப்பதற்கு. தடுப்பைத் தாண்டி போட்டோ எடுக்க முயல வேண்டாம்.

ஊத்து: காபியும் மலை வாழையும்

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் சாலை பிரியும் இடம் ஊத்து. சுற்றிலும் காபித் தோட்டங்கள். காபிச் செடிக்கு நிழல் தர நடுவில் மலை வாழை வளர்ப்பது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். இந்த மலை வாழைப்பழம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போனது. விருப்பாட்சி மலை வாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. டீ குடிக்க, குழந்தைகளுக்கு தலைசுற்றல் தீர கொஞ்சம் நடக்க, நல்ல இடம்.

பெருமாள்மலை: சாலைகள் சேரும் இடம்

பழனியிலிருந்து வரும் சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதையும் வத்தலகுண்டு பாதையும் இங்கே ஒன்றாகின்றன. பெரியகுளம் பக்கம் இறங்கும் அடுக்கம் சாலையும் இங்கிருந்துதான். அது குறுகலான பாதை. கூகுள் மேப் குறைந்த தூரம் காட்டுகிறது என்பதற்காக மட்டும் புது டிரைவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, சுமைதூக்கிகள் தூக்கிச் சென்ற நாற்காலியில் உட்கார்ந்தோதான் கொடைக்கானல் வந்தார்கள்.

வெள்ளி நீர்வீழ்ச்சி: கடைசி நிறுத்தம்

கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்பு, சாலையோரமே 55 மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிறது. பலருக்குத் தெரியாத விஷயம், இது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கிய ஏரி அது. ஊரைக் கடந்து வரும் தண்ணீர் என்பதால் குடிக்கவோ குளிக்கவோ வேண்டாம். ஊரில் வீசும் குப்பையும் இதே வழியில்தான் கீழே போகும்.

இ-பாஸ் உண்டா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்குத் தேவையில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என உச்சவரம்பும் வைக்கப்பட்டது. கட்டுப்பாடுகள் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் அரசு இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதை மறக்காதீங்க

* வளைவில் நிறுத்தாதீங்க: பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு உங்கள் கார் கடைசி நொடியில்தான் தெரியும். இடம் விட்டிருக்கும் வியூ பாயிண்டில் மட்டும் நிறுத்துங்கள்.
* ஏறும் வண்டிக்கு வழி: குறுகலான இடத்தில், இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். சாலை விதியே அதுதான்.
* ஏறின கியர்லயே இறங்கணும்: நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால், பிரேக் சூடாகி பிடிக்காமல் போய்விடும். கருகின வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.
* குரங்குக்கு தீனி வேண்டாம்: உணவுக்காக சாலைக்கு வந்து பழகும் குரங்குகள் வண்டியில் அடிபடுகின்றன.

எப்போது கிளம்பலாம்?

காலையே சரி. வெயில் ஏற ஏற, சமவெளியின் சூடான காற்று மலைச்சரிவில் மேலேறி, குளிர்ந்து மூடுபனியாகிறது. அதனால்தான் காலையில் தெளிவாகத் தெரிந்த டம்டம் பாறை காட்சி மதியத்துக்கு மேல் பல நாட்களில் மறைந்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவு, மரம் விழுவது எல்லாம் நடக்கும். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போடுங்கள். அருவி எங்கேயும் போய்விடாது.