கீரைக்கு ஒரு கரண்டி ஆணம்

விருந்து முடிந்து சஹனைத் திரும்ப எடுத்துவரும் பெண்களுக்கு ஓர் உண்மை தெரியும். நெய்ச்சோறு தீர்ந்திருக்கும். இறைச்சி தீர்ந்து எலும்பு மட்டும் கிடக்கும். தால்சாவில் இருந்த கத்திரிக்காய்கூடப் போயிருக்கும். ஓரத்தில் வைத்த பீன்ஸ் பொரியலும் முட்டைக்கோஸும் மட்டும் வைத்தது வைத்தபடியே வரும். விருந்தில் மட்டுமா? பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கும் மதிய உணவு டப்பாவிலும் இதே கதைதான்.

பிள்ளைகளை அதட்டிப் பயனில்லை, சகோதரிகளே. குற்றம் பெரும்பாலும் நம் அடுப்படியில் இருக்கிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு இஞ்சி, பூண்டு, தயிர், கசகசா, முந்திரி, பட்டை, கிராம்பு என்று எத்தனை உபசாரம் செய்கிறோம்! பச்சைக் காய்க்கு நாம் தருவது கடுகும் உப்பும் ஒரு மிளகாய் வற்றலும். அதையும் அரைமணி நேரம் மூடி வேகவைத்து, நிறமும் மணமும் போன பிறகு தட்டில் வைத்து, "சத்துள்ளது, சாப்பிடு" என்கிறோம். யார் சாப்பிடுவார்?

காய்கறிக்குப் பஞ்சம் உள்ள ஊரிலா நாம் இருக்கிறோம்? மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முருங்கை எனக் கட்டுக்கட்டாய் இருக்கும். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் ஓடும் மின்சார ரயிலில் வேலை முடிந்து வந்து இறங்கும் பெண்கள், வீடு சேருமுன் ஒரு கட்டுக் கீரையைக் கையில் எடுத்துக்கொள்வது இப்பகுதியில் அன்றாடக் காட்சி. வாங்குவதில் குறைவில்லை. வாங்கியது வயிற்றுக்குள் போவதில்தான் குறை.

இது வெறும் நாக்கு ருசியைப் பற்றிய பேச்சன்று. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. உணவில் இரும்புச்சத்துப் போதாமை அவற்றுள் முக்கியமானது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் கீரை உட்பட ஏறத்தாழ 400 கிராம் காய்கறி உண்ணவேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில் அதில் கால்வாசியாவது இருக்கிறதா என்று ஒருநாள் நிறுத்துப் பார்க்கலாம்.

காய்க்கும் சோற்றுக்கும் நடுவே நல்லதொரு தொடுகறி வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் எதையும் அரபியில் 'இதாம்' என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வீட்டாரிடம் தொடுகறி கேட்டபோது சிர்காவைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள். அதையே வரவழைத்து உண்டு, நல்ல தொடுகறி சிர்கா என்று பாராட்டினார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில், ஆணத்தில் கிடந்த சுரைக்காய்த் துண்டுகளை அவர்கள் தேடித்தேடி உண்டதை அனஸ் (ரலி) கூறியிருக்கிறார்கள். அந்தச் சுரைக்காய் வெறுந்தண்ணீரில் வெந்ததன்று. இறைச்சி போட்ட ஆணத்தில் ஊறியது.

இனி அடுப்படிக்கு வருவோம். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, தளதளவென்று கொதித்த பின் உப்பிட்டுக் காயைப் போடுங்கள். மூடவேண்டாம். காயிலிருந்து ஆவியோடு வெளியேறும் புளிப்பு, மூடியில் பட்டு மீண்டும் தண்ணீரில் விழுந்து பச்சை நிறத்தைக் கெடுக்கும். நறுக்கிய பீன்ஸுக்கு நான்கைந்து நிமிடம், கோஸுக்கு இரண்டு நிமிடம், இளங்கீரைக்கு ஒரு நிமிடம் போதும். உடனே வடித்துவிட வேண்டும். வடித்த நீரில் சத்து இறங்கியிருக்கும். அதைப் பருப்பில் ஊற்றிக்கொள்ளலாம். பச்சை நிறம் நிற்பதற்காகச் சிலர் சமையல் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், வைட்டமின்கள் அழியும், காயும் கூழாகும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதுதான் இதில் முக்கியம். புளியையோ எலுமிச்சையையோ காயோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால், இலைப்பச்சையத்திலுள்ள மக்னீசியம் பிரிந்து காய் பழுப்பாகிவிடும். எலுமிச்சையின் வைட்டமின் சி-யும் சூட்டில் பெரும்பகுதி வீணாகும். அந்த வைட்டமின் சி-தான் கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்கிறது. ஆகவே எலுமிச்சையை எப்போதும் அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே பிழிய வேண்டும். கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் கீரையின் கரோட்டின் சத்தும் உடலில் சேரும். இறைச்சிப் பிரியர்களுக்கு ஒரு நற்செய்தி: இறைச்சியோடு சேர்த்து உண்ணும்போது கீரையின் இரும்புச்சத்து கூடுதலாக உடலில் ஏறுகிறது. ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுத்துவிடும். நம் வீடுகளில் விருந்துக்குப் பின் வரும் சுலைமானியைத்தான் சொல்கிறேன். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் நல்லது.

இப்போது ஆணங்களைப் பார்ப்போம். முதலிடம் வேர்க்கடலைக்கு. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிப் பிழைத்த நம் பெரியவர்கள் அங்கே 'காடோ-காடோ' என்ற பண்டத்தைக் கண்டிருப்பார்கள். இந்தோனேசியாவில் பிறந்த உணவு அது. அவித்த கோஸ், காராமணிக்காய், கீரை, முளைகட்டிய பயறு, அவித்த முட்டை ஆகியவற்றின்மேல் வேர்க்கடலை ஆணத்தை ஊற்றித் தருவார்கள். ஜாவாவில் இதன் உறவுக்காரப் பண்டம் 'பெச்சல்'. வெறும் கீரையும் காராமணிக்காயும் அங்கே ஏழை எளியவரின் விருப்ப உணவாக ஆனது அந்த ஆணத்தின் தயவால்தான்.

அதை நம் வீட்டுச் சரக்கிலேயே செய்யலாம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், வறுத்த மிளகாய் வற்றல் மூன்று, பூண்டு இரண்டு பல், நெல்லிக்காயளவு புளி, அதில் பாதியளவு கருப்பட்டி, உப்பு. இவற்றைக் கரகரப்பாக அரைத்து, ஒரு தம்ளர் வெந்நீரில் கரைத்துச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் மேலே மினுமினுக்கும்போது இறக்கிவிடலாம். இதில் புளி கொதித்தாலும் கவலையில்லை. காயோடு சேருவது தட்டில்தானே! நால்வருக்குப் போதும். கொத்தவரங்காயின் கசப்பும் இதற்கு முன் அடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் கொத்தவரங்காய் என்றால் எழுந்துபோகும் ஒருவர் இருக்கிறார். அவரே இரண்டாம் முறை கேட்டார். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு இதைத் தரக்கூடாது.

அடுத்தது எள். வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியவர்களுக்குத் தஹீனாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளை எள் நான்கு தேக்கரண்டி எடுத்து நிறம் மாறாமல் வறுத்து, ஒரு பல் பூண்டும் உப்பும் சேர்த்து மைபோல் அரையுங்கள். பின் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். விழுது உடனே இறுகிக் கெட்டியாகும்; கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் வெண்ணெய் போல் இளகிவிடும். பீன்ஸுக்கும் முட்டைக்கோஸுக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

முருங்கைக்கீரைக்கு என் வாக்கு தேங்காய்ப்பாலுக்கே. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் பாலில் வேகவிட்டு, வடித்த கீரையைச் சேர்த்து, கடைசியில் முதற்பாலை ஊற்றியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். எலுமிச்சை இங்கும் இறக்கிய பிறகுதான். சுரைக்காய்க்கும் கீரைத்தண்டுக்கும் கெட்டித் தயிரில் நசுக்கிய பூண்டும் உப்பும் புதினாவும் கலந்து ஊற்றினால் போதும். நெய்யில் சிட்டிகை மிளகாய்த்தூளைப் பொரித்து மேலே விட்டால், துருக்கிக்காரர்கள் செய்வதுபோல் செந்நிறம் மிதக்கும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு புதினாச் செடியை வாங்கிவந்து தொட்டியில் வைத்துவிட்டால், அதற்காகக் கடைக்குப் போகும் வேலையும் மிச்சம்.

சிர்கா வெங்காயம் எல்லார்க்கும் தெரிந்ததே. ஆனால் சிர்காவில் வைட்டமின் சி இல்லை. அது ருசிக்கு மட்டுமே. இரத்தசோகை உள்ளவர்கள் எலுமிச்சையையோ நெல்லிக்காயையோ நாடவேண்டும்.

கடையில் விற்கும் தக்காளி சாஸ் புட்டி இருக்க இவ்வளவு சிரமம் எதற்கென்று கேட்கலாம். புட்டியின் பின்புறமுள்ள சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். சர்க்கரையும் உப்பும் எத்தனையாவது இடத்தில் நிற்கின்றன என்பது தெரியும். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு ஆணத்தில் அந்த அளவு நம் கையில் இருக்கிறது. உப்பைக் குறைத்துப் புளிப்பைச் சற்றுக் கூட்டினால் நாக்குக்கு வேறுபாடே தெரியாது.

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் வழக்கம் வேண்டாம். அதில் கொடிய நச்சுக்கிருமி வளர இடமுண்டு. தேங்காய்ப்பால் ஆணத்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். எள்ளும் வேர்க்கடலையும் குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும் என்றாலும், வேர்க்கடலை ஆணம் மறுநாள் தோசை வேளையைத் தாண்டி எங்கள் வீட்டில் இருந்ததில்லை.