பதியாத வியாபாரக் குறியையும் பாதுகாக்கலாம்: வழக்குரையில் என்ன எழுத வேண்டும்?

பல ஆண்டுகள் ஒரே பெயரில், ஒரே பொதியில் மிளகாய்த்தூளோ நல்லெண்ணெயோ விற்று வருகிறீர்கள். திடீரென அதே நிறத்தில், ஏறத்தாழ அதே பெயரில் வேறொருவரின் பொதி கடைகளுக்கு வருகிறது. "நீங்கள் குறியைப் பதியவில்லையே, ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவது வேறு. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியைப் பதிவது வேறு. முதலாவதை மட்டும் செய்தவருக்குப் பதிவுசெய்த குறியின் உரிமை கிடைப்பதில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டியைத் தடுக்கிறது. குறி பதியப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைப் பார்த்து வாங்குபவர் குழம்பும்படி செய்வது இப்பிரிவுக்குள் வரும்.

ஆகவே வழக்குரையில் "பதிவுசெய்த குறியை மீறினார்" என்று எழுதினால் அடித்தளமே ஆட்டம் காணும். நேர்மையற்ற போட்டியையே வழக்கின் காரணமாகக் காட்ட வேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் 1990ஆம் ஆண்டின் 'ஜிஃப்' எலுமிச்சைச் சாறு வழக்கு வலியுறுத்திய மூன்று விடயங்கள் இதற்கு நல்ல வழிகாட்டி.

முதலாவது, நன்மதிப்பு. எப்போது தொடங்கினீர்கள், எந்த ஊர்களில் விற்றீர்கள், பெயர், எழுத்து, நிறம், படம் என்னென்ன என்பவற்றைத் தனித்தனிப் பந்திகளில் எழுதி, பொதியையும் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, குழப்பம். இரு பொதிகளிலும் ஒத்திருப்பவை எவை, யார் எங்கே மாறி வாங்கினார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பாதிப்பு. குறைந்த விற்பனையை மாதவாரியாகக் காட்டலாம்.

நம்மவருக்குச் சிக்கல் முதலாவதில்தான். 1995 இடப்பெயர்விலும் 2009இலும் கணக்குப் புத்தகங்கள் அழிந்தன. கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. இந்த இடைவெளியை மறைக்காமல், காரணத்தோடு வழக்குரையிலேயே எழுதுவது நல்லது. மறைத்தால் எதிராளி அதைத் தனக்குச் சாதகமாக்குவார். 'அட்-லிப்' கழக வழக்கில், சில ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட கழகத்தின் பெயருக்கும் நன்மதிப்பு எஞ்சியிருந்ததாக ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; ஆனாலும் வாதத்துக்குத் துணை நிற்கும்.

புத்தகம் இல்லாவிட்டால் கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர், பழைய பத்திரிகை ஆகியவற்றில் வந்த விளம்பரங்களைத் தேடுங்கள். உள்ளூராட்சி சபை அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் நெடுங்காலம் வாங்கிய கடைக்காரர்களிடம் சத்தியக் கடதாசி பெறலாம்.

நிவாரணமாகத் தடையுத்தரவையும் நட்டஈட்டையும் கோரலாம். போலியைக் கண்டபின் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் இடைக்காலத் தடை பெறுவது கடினமாகும். இத்தகைய வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கே செல்வதால் செலவும் அலைச்சலும் உண்டு. பதிவுசெய்த குறி 10 ஆண்டுகள் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். வழக்கு வரும்வரை காத்திராமல் இன்றே விண்ணப்பிப்பது மலிவானது.

(இது பொது விளக்கம் மட்டுமே, வழக்குக்கு முன் சட்டத்தரணியை நாடுங்கள்.)